தந்தை வேடம் யாருக்கு?

1957-ஆம் ஆண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சியிலே ஒரு தொடர். 'சார்லி சானின் புதிய சாகசங்கள்' என்று பெயர், 39 பகுதிகள். துப்புத் துலக்குவதில் வல்லவரான சீனத் தந்தை ஒருவர். அவருக்குத் துணையாக ஓடியாடும் மூத்த மகன். தந்தையாக வந்தவர் ஜே. காரல் நேய்ஷ். நியூயார்க்கிலே பிறந்தவர், அயர்லாந்து வழியினர். மகனாக வந்தவர் ஜேம்ஸ் ஹாங். மினியாபொலிஸ் நகரிலே சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். மகன் சீனன், மெய்யாகவே! தந்தையும் சீனர்தான் — அரிதாரம் கலையும் வரையில்!

வேடிக்கை என்பீர்கள். வேடிக்கைதான். ஆனால் ஒரு முறை நடந்து மறைந்துபோன வேடிக்கையன்று. 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1935-இல், 'பாரிசில் சார்லி சான்' என்னும் படத்திலே இதே கோலத்தைக் கண்டது உலகு. அங்கே தந்தை, சுவீடனிலே பிறந்த வார்னர் ஓலண்ட். மகன், காண்டனிலே பிறந்து சியாட்டிலில் வளர்ந்த கீ லூக். 1938-இல் ஓலண்ட் மறைந்தார். தந்தை வேடம் சிட்னி டோலருக்குப் போயிற்று, அவரும் வெள்ளையர். டோலரும் மறைந்தார், ரோலண்ட் வின்டர்சுக்குப் போயிற்று, அவரும் வெள்ளையர்! பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு கீ லூக் திரும்பி வந்தார், வின்டர்சின் காலத்திலே. என்ன வேடம்? மகன் வேடம்! கீ லூக் பிறந்தது 1904 ஜூன் திங்களில். வின்டர்ஸ் பிறந்தது அதே ஆண்டு நவம்பரில். பெற்ற தந்தையை விட ஐந்து திங்கள் மூத்த பிள்ளை! நாற்பதைத் தாண்டிய பின்னும் பிள்ளை! சீனராகப் பிறந்தவர் திரையிலே பிள்ளையாகவே காலங்கழிக்க வேண்டும்; தந்தையாகும் தகுதி வெள்ளையருக்கே உண்டு என்பது அந்நாளைய படவுலகம் எழுதாமலே காத்துவந்த சட்டம்.

சட்டத்தை வகுத்தவர்களைப் பற்றி நமக்கு ஐயமில்லை. அவர்கள் செய்தது அநீதி. அதை மெய்ப்பிக்க நெடிய வாதம் வேண்டியதில்லை. நாம் இங்கே எடுத்துக்கொள்ள விரும்புவது, அதைவிடச் சிக்கலான ஒன்று. அந்தப் பொய்த் தந்தையின் பக்கத்திலே, 'அப்பா' என்றழைத்தபடி நின்றாரே மெய்ப்பிள்ளை, அவர் செய்தது என்ன? வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடினார், வேறென்ன செய்வார் பாவம் என்று கூறிவிட்டு நகர்ந்துவிடலாமா? அல்லது, தன் இனத்தின் முகத்தைப் பிறர் பூசிக்கொண்டு ஆடியபோது அந்த ஆட்டத்துக்குத் தாளம் போட்டார் என்று கடிந்துரைப்பதா? இழிவைச் சுமத்துகிறவன் குற்றவாளி, சரி. சுமந்தவனுக்கும் அதில் பங்கு உண்டா?

விடை காணுமுன், சுமத்தப்பட்டது எது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

1882-இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. சீனத் தொழிலாளர் எவரும் உள்ளே வரக்கூடாது என்றது அந்தச் சட்டம். இருப்புப்பாதை போடும் வரையில் வேண்டியிருந்தது அவர்கள் கரம்; பாதை முடிந்த பிறகு, கசந்தது அவர்கள் நிறம்! வெளிநாட்டிலே பிறந்த சீனர் அமெரிக்கக் குடிமகனாகவும் வழியில்லை. 1943-இல்தான் அந்தச் சட்டம் நீங்கிற்று. ஜப்பானுக்கு எதிரான போரிலே சீனா நேச நாடாக இருந்ததனால்! நீங்கியபோதும் தாராளம் பொங்கி வழியவில்லை. ஆண்டொன்றுக்கு 105 பேர், அவ்வளவே. எத்துணைப் பெரிய நாடு! எத்துணைச் சிறிய வாயில்!

வாயில் அடைக்கப்பட்ட அந்தக் காலத்திலேதான், வெள்ளித்திரையிலே சீனர் பெருகினர்! இரண்டு சீனர், குறிப்பாக. ஒருவன் ஃபூ மாஞ்சு: ஆங்கிலேயரான சாக்ஸ் ரோமர் படைத்த கொடியவன்; வெள்ளையர் உலகை வேரறுக்கச் சூழ்ச்சி செய்பவன்; 1932-இல் போரிஸ் கார்லாஃப் அவனாக வந்து அச்சமூட்டினார். மற்றவர் சார்லி சான்: ஏர்ல் டெர் பிக்கர்ஸ் 1925-இல் படைத்த நல்லவர், அடக்கமே உருவானவர், குனிந்து வணங்கிப் பழமொழி கூறிக் கொலைகாரனைப் பிடித்துக் கொடுப்பவர். அஞ்சத்தக்க சீனன் ஒருவன், அடங்கிய சீனன் ஒருவன். இருவருக்கும் நடுவே உலவிய எத்தனையோ ஆயிரம் சீனர் இருந்தனரே! துணி வெளுத்தவர், கடை வைத்தவர், கடன்பட்டவர், காதலித்தவர், பிள்ளையின் படிப்புக்காகப் பாடுபட்டவர். அவர்களைக் காணோம்!

சானுக்கு மூலமாக ஒரு மெய்யான மனிதரே இருந்தார் என்பதைப் பலர் அறியார். சாங் அப்பனா என்பது அவர் பெயர். ஹொனலூலு நகரக் காவல்துறையில் துப்பறிவாளர். கையிலே சவுக்குடன் சுற்றிய மெலிந்த மனிதர். கதைச் சானைப் போலக் கொழுத்தவரும் அல்லர், குனிந்தவரும் அல்லர். 1931-இல் ஓலண்ட் நடித்த சான் படமொன்றை எடுக்க ஹவாய்த் தீவுக்கு வந்தனர் படக்குழுவினர். அப்போது மெய்யானவரும் வேடமிட்டவரும் அருகருகே நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டனர். படம் பிடித்தது கருவி. முறைகேடு எதுவும் தெரியவில்லை எவருக்கும்! இரண்டாண்டில் அப்பனா மறைந்தார். சான் மேலும் பல ஆண்டு வாழ்ந்தார் திரையிலே.

இங்கே ஒரு தடை எழுப்புவர் கலைவாணர் சிலர். நடிப்பு என்றாலே பிறிதொருவராக ஆவதுதானே? அரசனாகப் பிறந்தவன்தான் அரசனாக நடிக்க வேண்டுமா? கொலைகாரன் வேடத்துக்குக் கொலைகாரனைத் தேடுவதா? ஷேக்ஸ்பியரின் அரங்கிலே பெண் பாத்திரங்களை ஏற்றது ஆண் பிள்ளைகள்தாமே! சுவீடன்காரர் சீனராவது கலையின் வெற்றியன்றோ? இவ்வாறு கேட்பர்.

நல்ல கேள்வி. இதை ஏளனமாக ஒதுக்குவது முறையன்று. ஜேம்ஸ் ஹாங்கே, 1956-இல் அமெரிக்காவுக்கு வந்த 'காட்ஸில்லா' என்ற ஜப்பானியப் படத்துக்கு ஆங்கிலக் குரல் கொடுத்தவர். ஜப்பானியர் வாயசைக்க, சீன வழியினர் பேசினார். பின்னாளில் வேறு ஆசிய நாட்டினராகவும் வேடமிட்டவர். சுவீடன்காரர் சீனரானது தவறென்றால், சீனர் ஜப்பானியரானது மட்டும் சரியோ?

நாம் கூறும் விடை இது. வேடம் தவறன்று. வேடம் ஒரு கதவு. அதன் வழியே ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குள் நுழைந்து பார்க்கிறான். அது கலையின் பெருமை, ஐயமில்லை. ஆனால் அந்தக் கதவு ஒரு பக்கமாக மட்டும் திறந்தால்? ஓலண்ட் சீனராகலாம். கீ லூக் சுவீடன்காரராக முடிந்ததா? நேய்ஷ் அயர்லாந்து வழியினராக இருந்துகொண்டே பல நாட்டு மனிதராகவும் நடித்துப் புகழ்பெற்றவர். ஜேம்ஸ் ஹாங் ஒரு நாளேனும் அயர்லாந்துக் குடியானவராக நடிக்க அழைக்கப்பட்டாரா? பிறராக ஆவதற்கு மட்டுமா தடை? தானாக இருப்பதற்கே அனுமதி இல்லையே! சீனர் வேடம் பெரிய வேடமானால், அதுவும் வெள்ளையருக்கு. 1926-இல் சான் முதன்முதலாகத் திரைக்கு வந்தபோது அவர் ஓரத்திலே நிற்கும் சிறு பாத்திரம். நடித்தவர் ஜார்ஜ் குவா என்ற ஜப்பானியர். பாத்திரம் வளர்ந்தது, பணம் வளர்ந்தது, கை மாறிற்று! ஷேக்ஸ்பியர் அரங்கை எடுத்துக்காட்டுவோர் ஒன்றை மறக்கின்றனர்: ஆண்பிள்ளை பெண் வேடமிட்டதற்குக் காரணம் கலைநுட்பம் அன்று, பெண்ணுக்கு அந்த மேடையில் இடமில்லை என்பதே. ஆக, நாம் கேட்பது, முகமூடி அணிந்தவர் யார் என்பதை அன்று. வாயிலில் நின்று, நீ வா, நீ போ என்று சொன்னவர் யார் என்பதை!

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். இழிவான வேடத்தை ஏற்பதா, மறுப்பதா? இதற்கு நூலிலே விடை தேட வேண்டியதில்லை; ஒரே படத்தில் இரண்டு விடையும் கிடைக்கின்றன.

1937-இல் வெளிவந்தது 'நல்ல பூமி'. பெர்ல் பக் எழுதிய புகழ்பெற்ற நவீனம். சீன உழவன் வாங் லுங்கின் கதை. மண்ணை நம்பி வாழ்பவன், பஞ்சத்திலே பிழைப்பவன், செல்வம் வந்தபின் மதி மயங்குபவன். சீனரை மனிதராகக் காட்டிய கதை. அந்த அளவில் அது பாராட்டுக்குரியது. உழவனாக நடித்தவர் பால் முனி, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிலே பிறந்தவர். மனைவி ஓலானாக நடித்தவர் ஜெர்மனியிலே பிறந்த லூயிஸ் ரெய்னர். அந்த வேடத்துக்காக ஆஸ்கர் பரிசும் பெற்றார். அதே நகரத்திலே, லாஸ் ஏஞ்சல்சிலே, சலவைக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்து, 17 வயதிலேயே படத்தின் தலைவியாக நடித்து, ஐரோப்பா வரை சென்று புகழ் குவித்துத் திரும்பிய அன்னா மே வாங் என்ற நடிகை இருந்தார். ஓலான் வேடத்தை அவர் விரும்பினார் என்பதைப் படவுலகம் அறியும். கொடுக்கவில்லை. உழவன் வெள்ளையர், அவருக்கு மனைவியாக மெய்யான சீனப் பெண் நடிப்பதா? நிறம் கலந்த காதலைத் திரையிலே காட்டலாகாது என்பது அந்நாளைய விதி. விதியின் எழுத்து கறுப்பரைக் குறித்தது. விதியின் நிழல் சீனர் மீதும் படிந்தது. இருவரும் சீனராக நடிக்கும் கதையிலே, ஒருவர் மெய்யாகவே சீனர் என்பது குற்றமாயிற்று! இதைவிட விந்தை வேறுண்டோ?

வேறு வேடம் தருகிறோம் என்றனர். தாமரை என்னும் பெயருடையாள். உழவனை மயக்கிக் குடும்பத்தைக் கெடுக்கும் காமக்கிழத்தி. அன்னா மே வாங் மறுத்தார். நல்ல பாத்திரங்களையெல்லாம் வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டு, கெட்ட பாத்திரம் ஒன்றுக்கு மட்டும் சீன முகம் தேடுகிறீர்களோ என்பது அவர் மறுப்பின் பொருள். கப்பலேறிப் போய்விட்டார், தம் முன்னோரின் நாட்டைக் காண. தாமரை வேடம் வியன்னா நகரத்து நடனமாது ஒருவருக்குப் போயிற்று.

அதே படத்தில் உழவனின் மூத்த மகனாக வந்தவர் யார் தெரியுமா? கீ லூக்! ஆம், அங்கும் மகன்! படவிளம்பரங்களுக்கு ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தவர். தூரிகையை வைத்துவிட்டு நடிக்க வந்து சில ஆண்டே ஆகியிருந்தது. அவர் ஏற்றார்.

மறுத்தவர் மானமுள்ளவர், ஏற்றவர் மானமற்றவர் என்று தீர்ப்பெழுத எழுதுகோல் துடிக்கும். அந்தத் தீர்ப்பை எழுத நாம் உடன்படவில்லை. மறுப்பு என்பது யாருடைய மறுப்பு என்பதைப் பொறுத்தது. அன்னா மே வாங் மறுத்தார்; அது செய்தியாயிற்று; அநீதி ஒன்று பெயருடன் பதிவாயிற்று. பெயரற்ற ஒருவர் மறுத்திருந்தால்? வாயிலுக்கு வெளியே வரிசையில் நின்ற அடுத்தவரை அழைத்திருப்பார்கள். மறுத்தவர் வீட்டிலே அடுப்பு எரிந்திருக்காது. மறுத்ததை ஒருவரும் அறிந்திருக்கமாட்டார். ஆகவே, பெயர் படைத்தவருக்கே மறுக்கும் கடமை பெரிது, பெயரற்றவருக்குச் சிறிது. புகழ் வளர வளர இந்தக் கடனும் வளர்கிறது. புகழை மட்டும் வாங்கிக்கொண்டு கடனைத் தள்ளுபவரிடமே நாம் கணக்குக் கேட்போம்.

கீ லூக்கிடம் நமக்கு மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. அது அவர் நடித்ததற்காக அன்று. பிற்காலத்தில், சான் படங்கள் சீனரை இழிவுபடுத்தின என்று இளைஞர்கள் சினந்தபோது, இழிவா? சீனர் கதைத்தலைவராக வந்தாரே, அது எப்படி இழிவாகும் என்று வாதாடினார் அவர். பாதி உண்மை அது. சான் அறிவாளிதான், வெள்ளையக் கொலைகாரரைப் பிடித்தவர்தான், ஓலண்ட் 1936-இல் ஷாங்காய் சென்றபோது சீன மக்களே அவரை மகிழ்ந்து வரவேற்றனர். ஆனால் கேள்வி, சான் நல்லவரா என்பதன்று. சானாக இருக்க யாருக்கு இடம் கிடைத்தது என்பது. பசிக்காக ஒன்றைச் செய்வது வேறு. செய்ததைச் சரியென்று சாதிப்பது வேறு. முன்னது மன்னிக்க வேண்டாதது, ஏனெனில் அது குற்றமே அன்று. பின்னது, அன்புடன் ஆனாலும், மறுக்கப்பட வேண்டியது.

ஜேம்ஸ் ஹாங்கின் வழி வேறு. 1929 பிப்ரவரி 22-இல் பிறந்தவர். சிறுவயதில் சில ஆண்டு ஹாங்காங்கிலே கழித்துத் திரும்பியவர். கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையிலே பணியாற்றினார். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் பயின்றார். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்திலே சாலைப் பொறியாளரானார். நிலையான வேலை, மதிப்பான வேலை. விடுமுறை எடுத்துக்கொண்டு நடிக்கப் போனார். பிறகு சாலையையே விட்டுவிட்டார். 1955-இல் கிளார்க் கேபிள் நடித்த 'சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்' படத்தில் சிறு வேடம். அதே ஆண்டில் ஜான் வேய்ன் படத்தில் இன்னொரு சிறு வேடம். அவ்வாறு தொடங்கிய பயணம் 70 ஆண்டு அளவுக்கு நீண்டது. வேடங்கள் 600-க்கு மேல் என்பர்.

600! எண்ணிக்கையைக் கேட்டு வியப்படைவோர், கொஞ்சம் பொறுத்து, அந்த வேடங்களின் பெயரையும் கேட்க வேண்டும். வேலையாள், சமையற்காரர், ஒற்றர், கடத்தல்காரர், கள்ளக்கூட்டத் தலைவர், உணவு விடுதியிலே இடம் காட்டுபவர். ஒரு மனிதனுக்கு 600 வேடம் கிடைத்தது பெருமை. அவற்றில் பெரும்பாலானவை சில நிமிடங்களே என்பது அந்தப் பெருமையின் மறுபக்கம். ஒரு பெரிய வேடம் கொடுத்திருந்தால் 50 சிறு வேடம் மிச்சமாகியிருக்குமே!

1974-இல் வெளிவந்த 'சைனாடவுன்' படத்தைப் பார்த்தோர் நினைவுகூரலாம். ஊர்ப்பெயர் சீனருடையது, கதை வெள்ளையருடையது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தண்ணீரைத் திருடிய பணக்காரரின் கதை. சீனர் அங்கே பணியாட்கள்தாம். ஜேம்ஸ் ஹாங், செல்வமாதின் வீட்டிலே கதவைத் திறப்பவர். அந்த வீட்டில் ஒரு தோட்டக்காரர், ஆசியர். குளத்து உப்புநீர் புல்லுக்கு ஆகாது என்கிறார். ஆங்கிலத்தில் புல்லுக்குரிய சொல் அவர் நாவிலே கண்ணாடிக்குரிய சொல்லாக ஒலிக்கிறது. வெள்ளையத் துப்பறிவாளர் அதைத் திருப்பிச் சொல்லி நகைக்கிறார், கொட்டகையும் நகைக்கிறது. பின்னர் தெரிகிறது: கொலை நடந்த இடமே அந்த உப்புநீர்க் குளம், கொலைகாரனின் மூக்குக்கண்ணாடியே அதன் அடியிலே கிடக்கிறது! துப்பு அப்போதே சொல்லப்பட்டுவிட்டது. சொன்னவரின் உச்சரிப்பு நகைப்புக்கு உரியதாக இருந்ததனால் எவர் காதிலும் விழவில்லை.

அந்தப் படத்தை ஆக்கியோர் இதை அறிந்தே செய்தனர் என்றே கொள்வோம். ஆனால், கொட்டகையிலே நகைத்தோமே நாம், நம்மை என்ன செய்வது? இழிவான வேடத்தைத் தந்தவனைக் குறை கூறினோம். ஏற்றவனை நிறுத்திக் கேள்வி கேட்டோம். காசு கொடுத்துச் சீட்டு வாங்கிச் சிரித்தவனை மட்டும் கணக்கிலே சேர்க்கவில்லை. இவர்களை வைத்தால் வசூல் வராது என்று முதலாளிகள் கூறினார்களே, அந்த வசூல் யாருடைய சட்டைப்பையிலிருந்து வருவது? முதலாளியின் வாதத்துக்கு முட்டுக்கொடுத்து நின்றது பார்வையாளனின் நகைப்பு. நம் நகைப்பு குற்றமற்றது என்று நாமே நமக்குச் சான்றிதழ் எழுதிக்கொள்ளும் வழக்கத்தை இனியேனும் விட வேண்டும்.

1982-இல் 'பிளேட் ரன்னர்' என்ற படம். எதிர்காலத்து நகரம், பனி உறைந்த ஒரு சிறு ஆய்வுக்கூடம், அதிலே செயற்கை மனிதருக்குக் கண் செய்து கொடுக்கும் கிழவர். அவர்தாம் ஜேம்ஸ் ஹாங். கண்ணை மட்டுமே செய்பவர் அவர், வேறொன்றும் அறியாதவர். பிறந்த கண்ணுடைய நடிகரை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கண்ணிலே நாடா ஒட்டிக்கொண்டோரை நடுவில் நிறுத்திய படவுலகம், அவருக்கே கண் செய்யும் வேலையைக் கொடுத்தது! சில நிமிடக் காட்சிதான். ஆனால் குளிரிலே நடுங்கும் அந்தக் கிழவரின் அச்சத்தையும், தம் கைத்தொழில் பற்றிய செருக்கையும் கண்டவர் மறப்பதில்லை. வேடம் சிறிதென்று அவர் மனிதனைச் சிறிதாக்கவில்லை.

1986-இல் வந்த 'பிக் டிரபிள் இன் லிட்டில் சைனா' பற்றி அவ்வளவு உறுதியாக நம்மால் கூறமுடியவில்லை. ஈராயிரம் ஆண்டு வாழ்ந்த மாயாவி லோ பானாக வந்தார். ஃபூ மாஞ்சுவின் பேரன் என்றே சொல்லலாம், நீண்ட நகமும் பச்சைக் கண்ணுள்ள பெண்ணின் மீது ஆசையும் உட்பட. பெயரற்ற நிலையைத் தாண்டிவிட்டவர் அப்போது, வயது 57. கடமை வளர்ந்திருந்தது என்று நாமே மேலே எழுதினோம். மறுத்திருக்கலாமோ? அந்த எண்ணத்தை நாம் முற்றிலும் தள்ளிவிடவில்லை. மறுபக்கமும் உண்டு: அந்தப் படத்தில் பெருமை பேசித் தடுமாறுபவன் வெள்ளைய லாரிக்காரன், வீரமுடன் போரிடுபவன் அவனுடைய சீன நண்பன். தராசு ஒரு பக்கமாகச் சாயவில்லை. வாசகர் முடிவு செய்யலாம்.

ஆனால் வேடங்களை மட்டும் வைத்து அவரை நிறுப்பது நேர்மையன்று. 1965-இல், மாக்கோ என்ற ஜப்பானிய வழி நடிகர், ஜேம்ஸ் ஹாங், இன்னும் சிலர், ஒன்பது பேர் கூடி, லாஸ் ஏஞ்சல்சிலே ஒரு நாடகக் குழு தொடங்கினர். 'ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்' என்று பெயரிட்டனர். தொடக்க ஆண்டுகளில் மாதா கோயில் ஒன்றின் நிலவறைதான் அவர்களுக்கு அரங்கம். பணம் இல்லை, பட முதலாளியின் ஆதரவு இல்லை. முதல் நாடகம், 'ரஷோமோன்'. ஒரு கொலையைப் பற்றி நால்வர் நான்கு விதமாகக் கூறும் ஜப்பானியக் கதை. பகலிலே படப்பிடிப்பில் தேநீர்த் தட்டு ஏந்தியோர், இரவிலே அந்த மேடையில் வீரராயினர், கள்வராயினர், கணவரும் மனைவியுமாயினர். எவருடைய மகனாகவும் நிற்க வேண்டியதில்லை அங்கே! சீனரும் கொரியரும் ஜப்பானியரும் ஒருவர் வேடத்தை ஒருவர் ஏற்றனர். கதவு இரு பக்கமும் திறந்திருந்தது. ஆகவே அங்கே அது கலையாக இருந்தது.

பகலில் ஏற்று, இரவில் மறுத்தார் எனலாமா? இரட்டை வாழ்க்கை என்று தூய்மைவாதிகள் முகம் சுளிக்கக்கூடும். நாம் அதை வேறு விதமாகக் காண்கிறோம். மறுத்துவிட்டு வீட்டிலே அமர்ந்திருப்பவர் தம் கைகளைத் தூய்மையாக வைத்துக்கொள்கிறார். அது அவருக்கு நன்று. ஏற்றுக்கொண்டே, பின்வருபவன் ஏற்க வேண்டாதபடி ஓர் இடத்தைக் கட்டுபவர், தம் கையிலே கறை படிவதைப் பொறுத்துக்கொள்கிறார். அது பிறருக்கு நன்று. சாலை போடுபவன் கையிலே தார் ஒட்டாமல் போடமுடியாது.

அன்னா மே வாங் 1961-இல், 56 வயதில் மறைந்தார். 2022-இல் அமெரிக்க அரசு அவருடைய முகத்தை 25 சென்ட் நாணயத்திலே பொறித்தது. வாழ்ந்த நாளில் வேடம் தரவில்லை. மறைந்த பின் நாணயம் தந்தனர். அதே 2022-இல், மே 10-ஆம் நாள், ஹாலிவுட் நடைபாதையிலே ஜேம்ஸ் ஹாங்குக்கு நட்சத்திரம் பதித்தனர், வயது 93. அந்த நட்சத்திரம் இலவசமன்று. அதற்குப் பணம் கட்ட வேண்டும். டேனியல் டே கிம் என்ற கொரிய வழி நடிகர் 2020-இல் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார். சில நாள்களிலேயே ஏறத்தாழ 55,000 டாலர் சேர்ந்துவிட்டது. படவுலகம் கொடுத்த பரிசு என்று அதைக் கூற நமக்கு நா எழவில்லை. மக்கள் கொடுத்தார்கள், படவுலகம் இடம் கொடுத்தது.

2023 பிப்ரவரி 26-இல், திரைநடிகர் சங்கப் பரிசளிப்பு விழா. 'எவரிதிங் எவரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படக்குழுவினர் மேடையேறினர். 94 வயது ஹாங்கைப் பேசவிட்டனர். கிளார்க் கேபிள் காலத்தை நினைவூட்டினார். தலைமை வேடம் ஏற்றோர் கண்ணை நாடாவால் இழுத்து ஒட்டிக்கொண்டு எப்படிப் பேசினர் என்பதை அவையிலேயே நடித்துக் காட்டினார். ஆசியர் திறமையற்றவர், அவர்களால் வசூல் வராது என்று தயாரிப்பாளர் கூறியதை எடுத்துரைத்து, இப்போது எங்களைப் பாருங்கள் என்றார். எழுந்து நின்று கைதட்டிற்று அவை. அடுத்த திங்களில் அந்தப் படம் ஏழு ஆஸ்கர் பரிசு பெற்றது. துணை நடிகருக்கான பரிசைப் பெற்ற கீ ஹுய் குவான், சிறுவனாகப் புகழ்பெற்று, வளர்ந்தபின் வேடமே கிடைக்காமல் நடிப்பை விட்டு விலகியிருந்தவர். அவர் விலகியது 1930-களில் அன்று, நம் காலத்தில்!

தந்தை வேடம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கீ லூக்குக்கு அது கிடைத்தது, 1972-இல். சிறுவருக்கான சித்திரப் படத் தொடரில் சார்லி சானாகவே நடித்தார், குரலால் மட்டும். முகம், ஓவியனுடையது! 36 ஆண்டு கழித்து, 2008-இல், ஜேம்ஸ் ஹாங்குக்கும் ஒரு புகழ்பெற்ற தந்தை வேடம் வாய்த்தது. 'குங் ஃபூ பாண்டா' படத்தில், பாண்டாக் கரடிக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கும் நூடுல்ஸ் கடைக்காரர். உலகமெங்கும் குழந்தைகள் அந்தக் குரலை விரும்பினர். ஆனால் அங்கும் முகமில்லை. அந்தத் தந்தை ஒரு வாத்து!

முகத்துடன் பெருவேடமாக அவருக்கு அது வாய்த்தது 2022-இல். மேலே சொன்ன அதே படத்தில், மிஷெல் யோவுக்குத் தந்தை. இனியவர் அல்லர், மகள் தாம் விரும்பியவனை மணந்தபோது அவளைக் கைவிட்டவர், முதுமையிலே அவளிடமே வந்து சேர்ந்தவர். அந்தக் குடும்பத்தின் தொழிலும் சலவைதான். கணக்குத் தாள்களைச் சுமந்துகொண்டு வருமான வரி அலுவலகத்துக்கு மகள் போகிறாள். சக்கர நாற்காலியிலே தந்தையும் உடன் போகிறார்.